ஆர்.பி.க்கு ஸ்டெம் செல் ஊசி: அப்பா நிலத்தை விற்கிறேன் என்கிறார்

கரிசல்காட்டான் | வெள்ளி இரவு 10:12

வணக்கம். இவ்வளவு நாள் வாசித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவன்தான், முதல் தடவை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 33. ஊர் கோவில்பட்டிப் பக்கம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதில் இருட்டினால் எதிலாவது முட்டிக்கொண்டு நிற்பேன். மாலைக்கண் என்றார்கள். அம்மா வாரம் தவறாமல் ஆட்டு ஈரலும் பொன்னாங்கண்ணியும் ஆக்கிப் போட்டார். 19 வயதில் பைக் ஓட்டப் பழகும்போது, பக்கத்தில் வந்த மாட்டு வண்டி கண்ணுக்கே தெரியவில்லை. கையில் பதினோரு தையல். அப்புறம்தான் மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. என்றார்கள். விழித்திரை மெல்ல மெல்லத் தேயும் நோய். இதற்கு ஈரலும் கீரையும் எதுவும் செய்யாது என்று அன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

இப்போது பார்வை வட்டம் 12, 13 டிகிரிதான் இருக்கிறது. நேரே பார்த்தால் வவுச்சரில் உள்ள பொடி எழுத்துகூடத் தெரியும். அதே மேசையில் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும் டீ கிளாஸ் தெரியாது. மாதம் இரண்டு கிளாஸாவது போகும். பஸ்ஸில் போனில் படித்துக்கொண்டு வருகிறவன், இறங்கும்போது படியைக் காலால் துழாவினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "குடிச்சிருக்கான்" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். யாராவது கைகொடுக்கக் கையை நீட்டினால் அது எனக்குத் தெரியாது. கர்வம் பிடித்தவன் என்ற பேர் வாங்கியதெல்லாம் இப்படித்தான்.

இப்போது விஷயம். அப்பா யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். வடக்கே ஒரு நகரத்தில் உள்ள கிளினிக். நம் வயிற்றுக் கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல், அதாவது வேறு செல்லாக மாறக்கூடிய மூல செல், எடுத்துக் கண்ணில் ஊசி போடுவார்களாம். மூன்று தவணை, ஆறு லட்சம். போன் செய்தால் தமிழிலேயே பேசுகிறார்கள். "சொந்த செல்தானே சார், சைடு எஃபெக்ட் எதுவும் வராது" என்கிறார்கள். எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் கரிசல். அதை விற்றுவிடலாம் என்று அப்பா தரகரிடம் சொல்லியே விட்டார்.

யாராவது போட்டிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

மாடிப்படி | வெள்ளி இரவு 10:40

முதலில் தரகருக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

லென்ஸ் தாத்தா | சனி காலை 6:05

தம்பி, நான் முப்பத்தெட்டு வருடம் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது பார்வைப் பரிசோதனை செய்கிறவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. பார்வை வட்டம் அளக்கும் மெஷின் முன்னால் எத்தனையோ ஆர்.பி. பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் இந்த ஊசியைப் போடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் இரண்டு வகை. மங்கிய வெளிச்சத்துக்குக் கோல் செல், பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல். ஆர்.பி.யில் முதலில் சாவது கோல் செல். அதனால்தான் முதலில் ராத்திரிப் பார்வை போகிறது, பிறகு ஓரப் பார்வை. அது செத்த பிறகு அந்த இடத்தில் கூம்பு செல்லும் மெல்ல மெல்லப் போகும். கோளாறு ஜீனில் இருக்கிறது. உலகத்தில் ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இது உண்டு.

கொழுப்பிலிருந்து எடுக்கும் செல் கொழுப்பாக மாறும், எலும்பாக மாறும், குருத்தெலும்பாக மாறும். கோல் செல்லாக மாறி, மூளைக்குப் போகும் நரம்போடு தானே இணைப்புக் கொடுத்துக்கொள்ளாது. கண்ணுக்குள் போய் அது என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் 72 முதல் 88 வயது வரையான மூன்று பெண்களுக்கு இதே கொழுப்பு செல் ஊசியை, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டார்கள். ஆளுக்கு 5000 டாலர். அவர்களுக்கு ஆர்.பி. இல்லை, வயதானவர்களுக்கு வரும் மாகுலா தேய்வு. மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. ஊசிக்கு முன் நடமாடும் அளவுக்குப் பார்வை இருந்தவர்கள். சில நாட்களிலேயே ரத்தக்கசிவு, விழித்திரை பிய்ந்து வருவது என்று ஆரம்பித்து, மூவருக்கும் பார்வை பெருமளவு பறிபோய்விட்டது. 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வந்தது. "சொந்த செல்தானே" என்றுதான் அவர்களிடமும் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. அந்த ஃபுளோரிடா கிளினிக்கின் சிகிச்சை, அமெரிக்க அரசாங்கத்தின் ஆய்வுப் பதிவேட்டில் ஓர் ஆய்வாகப் பதிவாகியிருந்தது. பதிவேட்டில் பேர் இருந்தாலே அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளைப்பூண்டு | சனி காலை 9:30

எல்லாரும் சேர்ந்து அவருடைய நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள். என் சித்தப்பாவுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கண் வெந்து வெள்ளையாகப் போய்விட்டது. ஹைதராபாத்தில் ஸ்டெம் செல் வைத்துத்தான் பார்வை திரும்பியது. இப்போது டிவிஎஸ் 50 ஓட்டுகிறார். ஸ்டெம் செல்லே ஏமாற்று என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

லென்ஸ் தாத்தா | சனி காலை 11:15

வெள்ளைப்பூண்டு, உங்கள் சித்தப்பா கதை முழுக்க உண்மையாக இருக்கும். ஸ்டெம் செல்லே ஏமாற்று என்று நான் சொல்லவும் இல்லை. அவருக்குப் போனது கருவிழி, அதாவது முன்னால் இருக்கும் கண்ணாடி. கருவிழியின் ஓரத்தில், வெள்ளை விழியோடு சேரும் வளையத்தில், இயற்கையாகவே ஸ்டெம் செல் இருக்கிறது. நல்ல கண்ணிலிருந்து அதில் நெல்மணி அளவு கிள்ளி, துணுக்குகளாக்கிக் கெட்ட கண்ணில் வைப்பார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் டாக்டர் சங்வான் குழுவினர் அதை எளிமையாக்கி 2012-ல் எழுதினார்கள். உலகம் முழுக்க இன்று செய்கிறார்கள். ஆசிட், சுண்ணாம்பு பட்டவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் அங்கே தோல் மாதிரி ஒரு படலம் வளர்ந்தால் போதும். விழித்திரை மூளையின் நீட்சி. ஜன்னல் கண்ணாடி மாற்றுவதும் வீட்டு வயரிங் முழுக்க மாற்றுவதும் ஒரே வேலையா? இந்த மாதிரி கிளினிக்குகள் கருவிழி வெற்றியைக் காட்டித்தான் விழித்திரைக்கு ஊசி விற்கின்றன.

உப்பளம் | சனி பகல் 2:48

நாங்கள் போனோம். என் தங்கைக்கு. நீங்கள் சொல்லும் இடம் இல்லை, வேறு ஊர். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்தார்கள். இரண்டு லட்சத்து எழுபதாயிரம், ரயில், ரூம் தனி.

முதல் இரண்டு வாரம் "வெளிச்சமா இருக்குண்ணே" என்றாள். வீடே கொண்டாடியது. அம்மா வீட்டுக் கொடியில் காயப்போட்ட சேலையைக் காட்டி, "என்ன கலர் சொல்லு பாப்போம்" என்று தினமும் கேட்பார். அவளும் சரியாகச் சொல்வாள். ஆறு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் பார்வை வட்டம் எடுத்துப் பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்துதான் இருந்தது. அப்புறம் ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "வெளிச்சம்லாம் ஒண்ணுமில்லண்ணே. அம்மா எந்தச் சேலையை எங்க காயப்போடும்னு எனக்குத் தெரியாதா?"

கண்ணுக்குக் கெடுதல் எதுவும் ஆகவில்லை, அந்த வகையில் தப்பித்தோம். கிளினிக்கில் கேட்டதற்கு இன்னும் ஒரு தவணை போடணும் என்றார்கள்.

மட்டுறுத்துநர் | சனி மாலை 4:00

இந்த இழையில் ஒரு கிளினிக்கின் போன் நம்பரோடும் "100% ரிசல்ட்" என்றும் வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறோம். மூன்றும் ஒரே ஆள்.

ஸ்காபரோ அக்கா | ஞாயிறு காலை 7:20

தம்பி, நான் கனடாவில இருக்கிறன், சொந்த ஊர் சாவகச்சேரி. என்ட மகனுக்கும் இதே ஆர்.பி. வருத்தம்தான், இப்ப 16 வயசு. ஒரு விசயம் கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. ஜீன் டெஸ்ட் செய்தனீங்களோ?

ஆர்.பி. எண்டு ஒரு பேர் சொன்னாலும் அதுக்குப் பின்னால பத்துக்கணக்கான ஜீன் இருக்குது. லக்ஸ்டர்னா எண்டு ஒரு மருந்து 2017 டிசம்பரில அமெரிக்காவில அனுமதி வாங்கினது. அது ஸ்டெம் செல் இல்லை, ஜீன் சிகிச்சை. அப்ப ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். கனடாவிலயும் பிறகு வந்தது. அது ஆர்.பி.ஈ.65 எண்ட ஒரேயொரு ஜீன் பழுதானவைக்கு மட்டும்தான். மகன்ட ரிசல்ட் வாறதுக்கு முதல்நாள் நல்லூரானுக்கு நேர்த்தி வச்சன், அந்த ஜீனா இருக்கோணும் எண்டு. பிள்ளைக்கு இன்ன வருத்தம் இருக்கோணும் எண்டு நேர்த்தி வைக்கிற தாயைக் கண்டிருக்கிறீங்களோ? வந்தது யூ.எஸ்.எச்.2.ஏ. எண்ட வேற ஜீன். அதுக்கு இண்டைக்கு மருந்து இல்லை.

ஆனா பேர் தெரிஞ்சது நல்லதுதான். அந்த ஜீனுக்கு ஆய்வு தொடங்கினா எங்களுக்கு அறிவிப்பினம். யார் வந்து எது வித்தாலும் "இந்த ஜீனுக்கோ?" எண்டு கேக்கிறம். பாதிப்பேர் அதோட போனை வச்சிடுவினம்.

கரிசல்காட்டான் | ஞாயிறு இரவு 9:55

எல்லாருக்கும் நன்றி. உப்பளம் அண்ணன் எழுதியதை, போனில் படித்துக்காட்டும் டாக்பேக்கில் இரண்டு தடவை கேட்டேன்.

அக்கா, ஜீன் டெஸ்ட் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னார்கள், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

என் அம்மா, அப்பாவின் சொந்த அக்கா மகள். எங்கள் பக்கம் இது சாதாரணம், முறைப்பெண். மதுரையில் டாக்டர், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டு ஒரு கட்டத்தில் டிக் அடித்தாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த டிக்கைப் பதினாலு வருடமாக அப்பா சுமந்துகொண்டிருக்கிறார். இன்று மதியம் நிலம் விற்கவேண்டாம் என்று பேச்சை எடுத்தேன். "நான் செஞ்ச தப்புக்கு நான்தானடா கொடுக்கணும்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை, நான் பார்த்த வட்டத்துக்குள் அவர் முகம் இல்லை. சத்தம் மட்டும் கேட்டது.

அதனால் இப்போது என் சிக்கல் வேறு. ஊசியில் பலன் இல்லை என்று எனக்குப் புரிகிறது. ஆனால் போடாவிட்டால் அவர் சாகும்வரை "ஒரு வழி இருந்தும் செய்யாமல் விட்டேன்" என்றே இருப்பார். அவருக்காக ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் என்ன என்றுகூட யோசிக்கிறேன்.

மாடிப்படி | ஞாயிறு இரவு 10:01

வேண்டாம்யா.

லென்ஸ் தாத்தா | திங்கள் காலை 5:50

தம்பி, ஒரு கண் மட்டும் என்பதற்கும் விலை உண்டு. ஒழுங்கான ஆய்வுகளில் ஆள் சேர்க்கும்போது, ஏற்கெனவே கண்ணில் ஸ்டெம் செல்லோ ஜீன் சிகிச்சையோ போட்டிருந்தால் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். நாளைக்கு நிஜமாகவே ஒன்று வரும்போது கதவு அடைபட்டுக் கிடக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கு வேண்டியது ஒரு வழி அல்லவா? அந்த வழியைக் காப்பாற்றத்தான் ஊசி வேண்டாம் என்கிறோம்.

சட்ட நிலவரமும் சொல்லிவிடுகிறேன். ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. உங்களிடம் ஆறு லட்சம் கேட்கிறவர் தருவது சிகிச்சையா, ஆய்வா? சிகிச்சை என்றால் அனுமதி கிடையாது. ஆய்வு என்றால் நோயாளியிடம் எதற்குக் காசு?

உறவில் கல்யாணம் பற்றி: அப்பாவிடமும் அம்மாவிடமும் அந்த ஜீனின் ஒரு கெட்ட நகல் இருந்திருக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டும் பிள்ளையிடம் சேரும்போதுதான் நோய். உறவில் கட்டினால் அப்படிச் சேர வாய்ப்பு கூடுதல். ஆனால் ஆர்.பி. தாய் வழியாக மட்டும் வருவதும் உண்டு, ஒரே நகலில் வருவதும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்றே தெரியாமல் அவர் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார். டெஸ்ட் எடுங்கள்.

புதுப்பேனா | திங்கள் பகல் 1:10

எனக்கு 20 வயது, எனக்கும் ஆர்.பி.தான். அப்போ நிஜமான ஸ்டெம் செல் ஆய்வு எதுவுமே இல்லையா?

லென்ஸ் தாத்தா | திங்கள் மாலை 6:30

இருக்கிறது கண்ணு. ஜப்பானில் யாமனாக்கா, வளர்ந்த ஒருவரின் சாதாரண செல்லைப் பின்னோக்கித் திருப்பி மறுபடி ஸ்டெம் செல் ஆக்கினார், 2012-ல் நோபல். அதை வைத்து மசாயோ தகாஹாஷி குழு, 2014 செப்டம்பரில் கோபே நகரில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவுக்கு, அவர் தோலிலிருந்தே விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிப் படலத்தை வளர்த்து வைத்தார்கள். பார்வை கூடவில்லை, மேலும் குறையவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்லில் மரபணு மாற்றம் தெரிந்ததும், வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த வெற்றியைவிட இந்த நிறுத்தம்தான் பெரிதாகப்பட்டது. காசு வாங்கும் கிளினிக் எதுவாவது "உன் செல் சரியில்லை, போய் வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறதா?

பெங்களூருவில் ஐஸ்டெம் என்ற நிறுவனமும் அந்த நிறமிப் படலச் செல்லைத்தான் மனிதர்களிடம் சோதிக்கிறது. அது வயதானவர்களின் மாகுலா தேய்வுக்கு, நமக்கு இல்லை. வெளிச்சம் வாங்கும் செல்லையே வளர்த்து வைக்கும் ஆய்வு அமெரிக்காவில் இப்போதுதான் முதல் கட்டத்தில் இருக்கிறது. வேறு பாதையும் உண்டு. பாரிஸில் ஆர்.பி.யால் பார்வை போன 58 வயதுக்காரர் ஒருவருக்கு, மிச்சமிருக்கும் செல்லுக்கு வெளிச்சத்தை உணரும் புரதத்தைக் கொடுத்தார்கள். விசேஷக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேசைமேல் இருக்கும் பொருளைத் தொட்டுக் காட்டினார். 2021-ல் வந்த செய்தி. மேசைமேல் இருக்கும் பொருள், அவ்வளவுதான். ஆனால் முன்னால் அதுவும் இல்லை.

மணியோசை | திங்கள் இரவு 11:20

திருச்சி. வங்கியில் வேலை. வயது 49. எனக்கு இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

தாத்தா சொன்ன அந்த 2014 செய்தி பேப்பரில் வந்த அன்று என் கணவர் வாசித்துக் காட்டினார். கத்தரித்து பீரோவில் வைக்கச் சொன்னேன். இன்னும் ஐந்து வருடத்தில் வந்துவிடும் என்றார்கள். நான் நம்பினேன், அதில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், எப்படியும் வரப்போகிறதே, எதற்கு வெள்ளைக்கோல் பிடிக்கவேண்டும் என்று இருந்துவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரும் கற்கவில்லை. பிரெயிலைத் தொடவே மாட்டேன் என்றேன். பிளாட்ஃபாரத்தில் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்குத் தெரியாதபடி நடப்பதிலேயே என் சாமர்த்தியம் எல்லாம் செலவாயிற்று. ஐந்து வருடம் இப்படியே போயிற்று. 2019-ல் வேலை போகிற நிலை. அப்போதுதான் என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடரைக் கற்றேன், இலவச மென்பொருள். நாற்பது நாளில் பழகிவிட்டது. நாற்பது நாள்! இதற்காகவா பயந்தேன் என்று உட்கார்ந்து அழுதேன்.

அந்தக் கத்தரிப்பு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. தூக்கிப்போடவில்லை.

கரிசல் தம்பிக்கு மூன்று வேலை. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 6/6 தெரிகிறதே, எனக்குத் தரமாட்டார்களே என்று நினைக்காதீர்கள். 2016 சட்டத்தில் பார்வை வட்டமும் கணக்கு: 40 முதல் 10 டிகிரி வரை குறைந்த பார்வை, 10-க்குக் கீழே பார்வையின்மை. பார்வை வட்டம் அளந்த பெரிமெட்ரி ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சில இடத்தில் எழுத்துப் பலகையை மட்டும் காட்டி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது, வருடம் ஒருமுறை ரெட்டினா கிளினிக். ஆர்.பி. உள்ளவர்களுக்குக் கண்புரையும் சீக்கிரம் வரும், மாகுலாவில் நீர்க்கோர்ப்பும் வரும். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. "எப்படியும் போகிற கண்தானே" என்று நான் விட்டதில் இரண்டு வருடப் பார்வை வீணாகப் போனது. கடைசியில் புரை எடுத்தபோது என் மகள் முகத்தில் மூக்குத்தி பார்த்தேன். அவள் குத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது.

மூன்றாவது, வெள்ளைக்கோல். மிச்சப் பார்வை இருக்கும்போதே பழகுங்கள்.

வெள்ளைப்பூண்டு | செவ்வாய் காலை 8:15

நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சித்தப்பாவிடம் கேட்டேன், கருவிழிதானாம்.

கரிசல்காட்டான் | 19 நாள் கழித்து, ஞாயிறு மாலை 5:30

மதுரை போய்வந்தோம். அப்பாவும் வந்தார். ரெட்டினா டாக்டரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அப்பாவையே கேட்கவிட்டேன். யூடியூப் வீடியோவையும் காட்டினார். டாக்டர் முழுதாகப் பார்த்தார், அதுவே பெரிய விஷயம். பிறகு, "ஐயா, என் மகனா இருந்தா நான் போடமாட்டேன்" என்றார். திரும்பும் பஸ்ஸில் திருமங்கலம் தாண்டும்வரை அப்பா பேசவில்லை. அப்புறம் தரகருக்கு போன் போட்டார்.

ஓ.சி.டி. என்ற விழித்திரை ஸ்கேனில் வலது கண்ணில் நீர்க்கோர்ப்பு இருந்தது. மணியோசை அக்கா சொன்னதேதான். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். எழுத்து கொஞ்சம் நெளியாமல் தெரிகிற மாதிரி இருக்கிறது. உப்பளம் அண்ணன் தங்கை கதை ஞாபகம் வந்ததால் யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த மாதம் ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம். ஜீன் டெஸ்டுக்கு மூன்று பேரும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அம்மா ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அப்பா வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

கோல் வாங்கலாம் என்று இருக்கிறேன். மடக்குக் கோல் ஆன்லைனில் பல நீளத்தில் இருக்கிறது. எதை எடுப்பது? அப்பா தையல்காரரிடம் இஞ்ச் டேப் வாங்கிவந்து, என்னைச் சுவரோரம் நிறுத்திவைத்துக்கொண்டு, "எது வரைக்கும்டா அளக்கணும், கேட்டுச் சொல்லு" என்கிறார்.

மணியோசை | ஞாயிறு மாலை 5:41

செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். தரையிலிருந்து நெஞ்சுக்குழி வரை. வேகமாக நடக்கிற ஆள் என்றால் இரண்டு இஞ்ச் கூட.

கரிசல்காட்டான் | ஞாயிறு மாலை 5:52

49 வருகிறது. 51 எடுக்கச் சொல்கிறார்.